தண்ணீர்தானே என்று வாயில் ஊற்றாதீர்கள்

பேச்சுக்கும் விழுங்கலுக்கும் பயிற்சி தருவது என் வேலை. இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். பக்கவாதம் வந்து ஓரளவு தேறி வீட்டுக்குப் போனவர், நான்காம் நாளே காய்ச்சலும் நெஞ்சுச் சளியுமாகத் திரும்பி வந்திருக்கிறார். என்ன கொடுத்தீர்கள் என்றால் மகள் சொல்கிறார், "கெட்டியா எதுவுமே கொடுக்கல மேடம், வெறும் கஞ்சித் தண்ணியும் இளநீரும்தான்." அதுதானம்மா பிரச்சினையே!

பக்கவாதத்துக்குப் பின் விழுங்கச் சிரமப்படும் பலருக்கும் தண்ணீர்தான் இருப்பதிலேயே கஷ்டம். எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. கூழ் மெதுவாக நகரும், மூச்சுக்குழாய் மூடிக்கொள்ள நேரம் கிடைக்கும். தண்ணீர் நாக்கில் பட்டதுமே ஓடிவிடும், மூடுவதற்குள் நுரையீரல் பக்கம் இறங்கிவிடும். குழைத்த ரசம் சாதம் இன்னும் மோசம், ரசம் முன்னால் ஓட பருக்கை வாயிலேயே நிற்கும். நமக்கு அண்ணாந்து குடிக்கும் பழக்கம் வேறு. தயவுசெய்து தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றாதீர்கள். தலையைக் குனிய வேண்டுமா, ஒரு பக்கம் திருப்ப வேண்டுமா என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும், பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். (எங்களை வெறும் 'பேச்சு டீச்சர்' என்று நினைத்து, விழுங்கலுக்குக் கூப்பிடுவதே இல்லை, அது தனிக்கதை.)

"புரையேறவே இல்லையே?" என்பார்கள். தொண்டையில் உணர்ச்சி குறைந்திருந்தால் இருமலே வராது. சாப்பிட்டதும் குரல் கொழகொழவென்று மாறுகிறதா, மூச்சு வாங்குகிறதா, அடிக்கடி காய்ச்சல் எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். புரையேறினால், யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டிவிட்டு அடுத்த வாய் ஊட்டக் கூடாது. அப்படியே நிறுத்தி, நன்றாக இருமவிடுங்கள்.

நிமிர்த்தி உட்கார வையுங்கள். தூக்கக் கலக்கத்தில் ஊட்டாதீர்கள். டிவியை அணையுங்கள். டீஸ்பூன் போதும், முதல் வாய் இறங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்தது. செயலிழந்த பக்கக் கன்னத்துக்குள் சோறு ஒதுங்கிக் கிடக்கும், வழித்து எடுங்கள். சாப்பிட்ட பின் அரை மணி நேரமாவது படுக்கவிடாதீர்கள். அப்புறம், சாப்பாட்டுக்காக மூக்கில் குழாய் போட்டவருக்கும் தினமும் வாய் சுத்தம் செய்ய வேண்டும், எச்சிலோடு இறங்கும் கிருமியே நெஞ்சுச் சளிக்குப் போதும்.

அந்தக் குழாயை ஏதோ அவமானம் மாதிரி பார்க்காதீர்கள். பலருக்கும் சில வாரங்களில் விழுங்கல் திரும்பிவிடும், பயிற்சியும் இருக்கிறது. அதுவரை, பாவம் கேட்கிறாரே என்று திருட்டுத்தனமாக ஒரு வாய் காபி மட்டும் வேண்டாம். என்னிடம் சொல்லுங்கள். எவ்வளவு கெட்டி அவருக்குச் சரிப்படும் என்று பார்த்து, அதே காபியை நானே எதிரில் உட்கார்ந்து கால் ஸ்பூனாகக் கொடுத்துப் பார்க்கிறேன்.