எடை ஏறவில்லை, வயிறு மட்டும் ஏன் பெருக்கிறது?

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 48. மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. எடை மூன்று வருடமாக அதே 58 கிலோதான். ஆனால் பாவாடை நாடாவைத் தளர்த்திக்கொண்டே போக வேண்டியிருக்கிறது, பழைய ஜாக்கெட்டுகளையெல்லாம் பிரித்துத் தைத்தாகிவிட்டது. வீடு தேடி வந்த சுகாதாரப் பணியாளர் சர்க்கரை பார்த்துவிட்டு, எல்லையில் இருக்கிறது என்று சொல்லிப் போயிருக்கிறார். "வெளிய போக வேண்டிய கெட்ட ரத்தம் வயித்துலயே கட்டிக்கிச்சு" என்கிறார் மாமியார். "சாப்பாட்டைக் கூட்டவே இல்லை, எடையும் ஏறவில்லை. அப்புறம் எப்படி இது?" என்று கேட்கிறார் வாசகி.

மாமியாரின் விளக்கத்தை முதலில் பார்த்துவிடலாம். மாதவிடாயில் வெளியேறுவது கெட்ட ரத்தம் அல்ல. மாதாமாதம் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்து, கரு தங்காதபோது உதிர்கிறது. அதனோடு சாதாரண ரத்தமும் வருகிறது. சினைப்பை ஓய்ந்த பிறகு அந்தச் சுவர் தடிப்பதே இல்லை. உருவாகாத ஒன்று உள்ளே தங்கவும் முடியாது. இந்த நம்பிக்கையைப் பாட்டி காலத்துப் பேச்சு என்று சும்மா விட எனக்கு மனம் வருவதில்லை. ரத்தத்தை இறக்குகிறேன் என்று பேதி மருந்திலும் லேகியத்திலும் மாதங்களைக் கழித்துவிட்டு, சர்க்கரையும் கொழுப்பும் நன்றாக ஏறிய பிறகு மருத்துவரிடம் வரும் பெண்கள் நம் ஊரில் நிறைய.

நடப்பது என்ன? பிறக்கும்போதே சினைப்பையில் இருந்த கருமுட்டை இருப்பு நாற்பதுகளில் தீர்ந்துகொண்டு வருகிறது. முட்டையை வளர்க்கும் செல்கள்தான் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரக்கின்றன. முட்டை தீர்ந்தால் அதுவும் குறையும். மாதவிடாய் முற்றிலும் நின்ற பிறகு, ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் எஸ்ட்ரடியால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வடிவம்) 20 பிகோகிராமுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. மேற்கு நாடுகளில் இது சராசரியாக 51 வயதில் நடக்கிறது. இந்தியப் பெண்களுக்கு 46 வாக்கிலேயே. இந்த ஐந்து வருட வித்தியாசம் சிறியது அல்ல.

எடை மாறாமல் உடம்பு மாறுமா என்ற கேள்விக்கு நல்ல பதில் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1996-இல் அங்கே ஏழு இடங்களில் 42 முதல் 52 வயது வரையிலான 3,302 பெண்களைச் சேர்த்து, வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். 'ஸ்வான்' என்று அந்த ஆய்வுக்குப் பெயர். அதில் உடல் கட்டமைப்பை அளந்த முடிவுகள் 2019-இல் வெளியாயின. கடைசி மாதவிடாய்க்குச் சுமார் இரண்டு வருடம் முன்பு தொடங்கி, இரண்டு வருடம் பின்பு வரை, உடலில் கொழுப்பு சேரும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. அதே காலத்தில் தசை குறையத் தொடங்குகிறது. எடையோ, முன்பு எந்த வேகத்தில் ஏறியதோ அதே வேகத்தில்தான் ஏறுகிறது. மாதவிடாய் நிற்பதை ஒட்டி அதில் ஒரு திருப்பமும் இல்லை. ஒன்று கூடுகிறது, ஒன்று குறைகிறது, எடை மெஷின் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டுகிறது. வாசகியின் 58 கிலோவுக்குள் நடந்திருப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

உடம்பு கலோரியை எரிக்கும் வேகம் இந்த வயதில் படுத்துவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். 29 நாடுகளில் 6,400-க்கும் மேற்பட்டவர்களின் ஆற்றல் செலவை அளந்த ஆய்வு ஒன்று 2021-இல் வந்தது. தசையின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், 20 வயதிலிருந்து 60 வரை அந்த வேகம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. மாதவிடாய் நிற்கும் வயதிலும் சரிவு தெரியவில்லை.

சரி, சேர்கிற கொழுப்பு ஏன் வயிற்றைத் தேடிப் போகிறது? எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

1947-இல் பிரான்சின் மார்சேய் நகரத்து மருத்துவர் ழான் வாக் ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதினார். ஒரே அளவு பருமன் உள்ளவர்களில், கொழுப்பு இடுப்பிலும் தொடையிலும் இருப்பவர்களைவிட மேல் உடம்பிலும் வயிற்றிலும் இருப்பவர்களுக்கே நீரிழிவும் ரத்தக்குழாய் நோயும் அதிகம் வருகின்றன. முதல் வகை பெரும்பாலும் பெண்களிடமும் இரண்டாவது வகை ஆண்களிடமும் காணப்பட்டது. எவ்வளவு கொழுப்பு என்பதைவிட எங்கே கொழுப்பு என்பதே முக்கியம் என்ற அந்தக் கருத்தை மருத்துவ உலகம் பெரிதாக எடுத்துக்கொள்ள முப்பது வருடங்களுக்கு மேல் ஆனது.

கொழுப்பு செல்லின் மேல் சவ்வில் அட்ரினலின் என்ற ஹார்மோன் வந்து உட்கார இரண்டு விதமான ஏற்பிகள் உண்டு: பீட்டா, ஆல்ஃபா-2. பீட்டாவில் உட்கார்ந்தால் செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற மூலக்கூறு பெருகி, சேமித்த கொழுப்பை உடைக்கும் என்சைம் விழித்துக்கொள்ளும். கொழுப்பு அமிலம் ரத்தத்துக்குப் போகும். ஆல்ஃபா-2-இல் உட்கார்ந்தால் சைக்ளிக் ஏ.எம்.பி. குறையும், கொழுப்பு செல்லிலேயே தங்கும். வருவது அதே அட்ரினலின்தான், விளைவோ நேர் எதிர். ஏற்காட்டு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கும் பேருந்தில் ஆக்சிலேட்டரும் பிரேக்கும் இருப்பதைப் போல, ஒவ்வொரு கொழுப்பு செல்லிலும் இரண்டும் இருக்கின்றன. எந்த மிதி எத்தனை இருக்கிறது என்பதை வைத்துத்தான் அந்த இடத்துக் கொழுப்பு கரையுமா தங்குமா என்பது முடிவாகிறது.

பெண்களின் இடுப்பு, தொடைத் தோலடிக் கொழுப்பில் ஆல்ஃபா-2 மிக அதிகம். யார் அதை அங்கே பெருக்கியது? 2004-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் மனிதத் தோலடிக் கொழுப்புத் திசுவை எடுத்து எஸ்ட்ரடியாலில் ஊறவைத்துப் பார்த்தார்கள். ஈஸ்ட்ரோஜன் செல்லுக்குள் நுழைந்து, தன் ஏற்பியுடன் சேர்ந்து, மரபணுவைத் தூண்டி, ஆல்ஃபா-2ஏ ஏற்பிகளைக் கூடுதலாகச் செய்ய வைத்தது. குடலைச் சுற்றியுள்ள வயிற்று உள்கொழுப்பில் அதே ஹார்மோனால் இந்த மாற்றம் நடக்கவில்லை! ஒரே ரத்தம், ஒரே ஹார்மோன். ஓரிடத்தில் பிரேக்கைக் கூட்டுகிறது, இன்னோரிடத்தைத் தொடாமல் விடுகிறது. இதைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

எதற்காக இப்படி ஓர் ஏற்பாடு? 1980-களில் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில், பாலூட்டும் தாய்மார்களின் தொடையிலிருந்து சிறிது கொழுப்பை எடுத்து ஆராய்ந்தார்கள். மற்ற நாட்களில் எளிதில் கரையாத அந்தக் கொழுப்பு, பாலூட்டும் மாதங்களில் எளிதாகக் கரைந்தது. பால் சுரக்க ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக வேண்டும். பஞ்சம் வந்தாலும் குழந்தைக்குப் பால் வற்றாமல் இருக்க, உடம்பு தொடையில் ஒரு சேமிப்பை வைத்திருக்கிறது. அதை அன்றாடச் செலவுக்கு எடுக்க விடாமல் ஈஸ்ட்ரோஜன் காவல் காக்கிறது. அதே குழு மாதவிடாய் நின்ற பெண்களையும் ஆராய்ந்தது. தொடைக் கொழுப்புக்கும் வயிற்றுக் கொழுப்புக்கும் இடையே இருந்த அந்த வேறுபாடு அவர்களிடம் மறைந்துபோயிருந்தது.

இது வயதால் வருகிற மாற்றம்தானே, ஹார்மோனை ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்கலாம். ஆம்ஸ்டர்டாமில் 1990-களில் திருநங்கைகளுக்கு ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை தொடங்கிய பின், ஒரு வருடம் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். தோலடிக் கொழுப்பு கூடியிருந்தது. டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொண்ட திருநம்பிகளுக்குத் தோலடிக் கொழுப்பு குறைந்து, நாளாக ஆக வயிற்று உள்கொழுப்பு ஏறியது. வயதுக்கும் பங்கு உண்டு. ஆனால் கொழுப்பு எங்கே தங்குவது என்பதை மாற்ற ஹார்மோன் மட்டுமே போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆக, ஈஸ்ட்ரோஜன் வற்றியதும் தொடையில் பிரேக் தளர்கிறது, சேர்கிற கொழுப்பு வயிற்றுக்குள் இறங்குகிறது. மாதவிடாய் நிற்கும் முன் மொத்தக் கொழுப்பில் ஏறத்தாழ 5 முதல் 8 சதவீதம் வரை இருந்த உள்கொழுப்பு, பின்னர் 15 முதல் 20 சதவீதம் வரை ஆகிறது. உள்கொழுப்பிலிருந்து கிளம்பும் கொழுப்பு அமிலம் குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரலில் கொழுப்பு படிகிறது, இன்சுலின் சொல்லை அது கேட்க மறுக்கிறது, வெறும் வயிற்றிலும் குளுக்கோஸை ரத்தத்தில் விடுகிறது. போதாக்குறைக்கு, கல்லீரல் செல்கள் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்டிராலை ரத்தத்திலிருந்து பிடித்து எடுக்க உதவிக்கொண்டிருந்ததும் ஈஸ்ட்ரோஜன்தான். அதனால் கடைசி மாதவிடாயை ஒட்டிய ஒரு வருடத்தில் எல்.டி.எல். சட்டென்று ஏறுகிறது.

தசையின் கதை சுருக்கமானது, ஆனால் கைவசம் இருக்கும் மருந்து அங்கேதான். இன்சுலின் உத்தரவில் ரத்தத்திலிருந்து வெளியேறும் குளுக்கோஸில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது தசை. அது குறைந்தால் சாப்பிட்ட சோறு ரத்தத்திலேயே சுற்றும். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்து மேட்டிலும் பள்ளத்திலும் மூட்டை சுமந்து ஏறி இறங்கும் பெண்ணுக்கும் சினைப்பை ஓயத்தான் செய்யும். ஆனால் அவர் தசைக்குத் தினமும் வேலை இருக்கிறது. நகரத்தில் கடையிலும் அலுவலகத்திலும் உட்கார்ந்து வேலை செய்பவர் அதைத் தனியாகத் தேடிக்கொள்ள வேண்டும்: நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்குவது, படியேறுவது. நடைப்பயிற்சி நல்லதுதான், அது மட்டும் போதாது.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று. இந்தியாவின் ஜவ்வரிசியில் பெரும்பகுதி சேலத்து ஆலைகளிலிருந்துதான் போகிறது. அதைப் பற்றி எனக்கும் பெருமை உண்டு. ஆனால் ஜவ்வரிசி என்பது மரவள்ளிக்கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த மாவுச்சத்து. புரதம் கிட்டத்தட்ட இல்லை. லேசான சாப்பாடு என்று இரவில் ஜவ்வரிசி உப்புமா சாப்பிட்டால், கரையும் தசைக்கு அதில் எதுவும் கிடைக்காது. கேழ்வரகுக் களி பரவாயில்லை, ஆனால் அதிலும் 100 கிராம் மாவில் 7 கிராம் புரதம்தான். பக்கத்தில் முட்டையோ கொள்ளுத் துவையலோ பருப்போ மீனோ இருக்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சக் குழம்பில் பிசைந்து சாப்பிடும் பழக்கம்தான் இந்த வயதில் பெண்களை அதிகம் பாதிக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

நமக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் பல வருடங்களாகக் காட்டிவருவதுபோல, இந்தியர்கள் மெலிந்து தெரிந்தாலும் அதே எடையுள்ள ஐரோப்பியரைவிட உடலில் அதிகக் கொழுப்பு வைத்திருக்கிறார்கள். இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை 80 சென்டிமீட்டர். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட நிலையில், தையல் டேப்பை இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். பாவாடை நாடா கட்டும் இடம் பலருக்கு இதற்குக் கீழே இருக்கும், அங்கே அளக்க வேண்டாம்.

ஸ்வான் ஆய்வில் வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானிக், சீன, ஜப்பானிய வம்சாவளிப் பெண்கள் இருந்தார்கள். இந்திய வம்சாவளிக்கென்று அதில் ஒரு பிரிவு இல்லை. ஐந்து வருடம் முன்பே மாதவிடாய் நிற்கிற, தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு நீரிழிவு இருக்கிற ஒரு சமூகத்துக்கு அப்படி ஒரு ஆய்வு வேண்டாமா? பெண்ணின் உடம்பு என்றால் பிரசவம்வரைதான் பணம் ஒதுக்குகிறோம். 2021-இலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் வீடுவீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் பையில் ஒரு டேப்பும், கேள்விப் பட்டியலில் 'கடைசி மாதவிடாய் எப்போது?' என்ற ஒரு வரியும் சேர்ந்தால், பத்து வருடத்தில் உலகத்துக்கே நாம் பாடம் சொல்லலாம். பெரிய செலவும் இல்லை.

ஹார்மோன் மாத்திரை எடுக்கலாமா என்றும் வாசகி கேட்டிருக்கிறார். உடம்புச் சூடும் வியர்வையும் தாங்க முடியாதவர்களுக்கு அது மிக நல்ல மருந்து. எடுக்கும் காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பும் சற்றுக் குறைகிறது. ஆனால் வயிற்றைக் குறைப்பதற்காக மட்டும் அதைத் தருவதில்லை. மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டோ வந்தவர்களுக்குப் பொதுவாகத் தவிர்ப்பார்கள்.

வாசகி கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்றாகிவிட்டது, இனி எதற்கு என்று முப்பதுகளிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிடச் சம்மதிக்கும் பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 3 சதவீதம் பேர் இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். கூடவே சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், பல வருடங்களில் நடக்க வேண்டிய ஈஸ்ட்ரோஜன் சரிவு சில நாட்களில் நடந்து முடிகிறது. எடுத்தார்களா விட்டார்களா என்பதே பலருக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்கள். 45 வயதுக்குள் இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தால், அந்தத் தாளோடு ஒரு மகப்பேறு மருத்துவரைப் போய்ப் பாருங்கள். அவர்களுக்கு மட்டும், தடை எதுவும் இல்லையென்றால், மாதவிடாய் இயல்பாக நிற்கும் வயது வரை ஹார்மோன் எடுத்துக்கொள்வதே பொதுவான பரிந்துரை.