முற்றுகை: ‘செக்’ என்னும் சொல்லும் அதற்குரிய விடையும்

சதுரங்கத்தில் எதிராளியின் காய் ஒன்று அரசனைத் தாக்கி நிற்கும் நிலையை ‘செக்’ என்கிறோம். அதற்குத் தமிழில் வழங்கும் சொல் முற்றுகை.

‘செக்’ ஆங்கிலத்தின் வழியே நம்மிடம் வந்தது. ஆயினும் அதன் வேர், பாரசீகத்தில் அரசனைக் குறிக்கும் ‘ஷா’ என்னும் சொல்லாகும். அரசனுக்கு ஆபத்து என எச்சரிக்க எழுந்த அந்த விளி, ஆட்டத்தோடு சேர்ந்து அரபு நாடுகளைக் கடந்து ஐரோப்பாவை அடைந்து, பழைய பிரெஞ்சில் உருமாறி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. எனவே, தெருப்பலகைகளில் தமிழும் பிரெஞ்சும் அருகருகே நிற்கும் புதுச்சேரியில், பிரெஞ்சு படித்த பெரியவர் ‘எஷெக்’ என்பதும் பள்ளிச் சிறுவன் ‘செக்’ என்பதும் ஒரு வேரின் இரு கிளைகளே. பிரெஞ்சுச் சொல்லுக்குத் தோல்வி என்ற பொருளும் உண்டு. செக் என்றதும் பதறும் புதியவர்கள் அந்தப் பொருளையே எடுத்துக்கொள்கிறார்கள் போலும்.

தமிழ்ச்சொல்லின் வேர் வேறு. கோட்டைப் போரைப் பாடும் உழிஞைத் திணையைத் தொல்காப்பியம் ‘முழுமுதல் அரணம் முற்றலும் கோடலும்’ என்கிறது. முற்றல் என்பது கோட்டையை வளைத்தல். கோடல் அதைக் கைக்கொள்ளல். தனியொரு குதிரை தரும் செக்கை வளைத்தல் என்பது சற்று மிகைதான். ஆயினும் வளைத்தல் வேறு, கைக்கொள்ளல் வேறு என்ற தெளிவு இச்சொல்லில் இருப்பதால் இதையே ஏற்கலாம். முற்றுகையிலிருந்து தப்ப வழியே இல்லாத நிலை செக்மேட். அதன் மூலமான ‘ஷா மாத்’ என்பதற்கு அரசன் செயலற்றான் என்று பொருள். சதுரங்கத்தில் அரசனை ஒருபோதும் வெட்டி எடுப்பதில்லை. ஆகவே செக்மேட்டை ‘இறுதி முற்றுகை’ என்பது பொருத்தமே.

முற்றுகைக்கு விடை மூன்று: தாக்கும் காயை வெட்டலாம், இடையில் ஒரு காயை வைத்து மறைக்கலாம், அரசனைத் தாக்குதலில்லாத கட்டத்துக்கு நகர்த்தலாம். புதியவர்களின் கை முதலில் அரசனிடமே போகிறது. வெட்ட முடியுமா என்று முதலில் பார்ப்பதே நல்ல பழக்கம். கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும். வெள்ளைக் காலாள் இ4, கறுப்புக் காலாள் சி5, வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புக் காலாள் டி6 என ஆடியபின் வெள்ளை மந்திரி பி5 கட்டத்துக்கு வந்து முற்றுகையிடுகிறது என்று கொள்வோம். அந்த மந்திரியை வெட்ட எந்தக் காயும் இல்லை. அரசனைச் சுற்றிக் காலியாக உள்ள ஒரே கட்டமான டி7-உம் மந்திரியின் மூலைவிட்டத்திலேயே இருப்பதால் அங்கும் போக முடியாது. ஆனாலும் ஆட்டம் முடியவில்லை. குதிரையை சி6-இலோ டி7-இலோ வைத்து மறைக்கலாம், மந்திரியையோ ராணியையோ டி7-இல் நிறுத்தலாம்.

குதிரையும் காலாளும் தரும் முற்றுகையை மறைக்க இயலாது. இரு காய்கள் ஒருசேரத் தாக்கும் இரட்டை முற்றுகையில் அரசன் நகர்ந்தே ஆகவேண்டும். அவ்வாறு நகரும்போது, காவலற்ற காய் பக்கத்தில் நின்றால் அரசனே அதை வெட்டலாம். முற்றுகையில் இருக்கும்போது, அரசனையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றும் ‘கோட்டை கட்டுதல்’ மூலம் தப்புவதற்கு விதி இடம் தராது. ஆனால் அரசனை நகர்த்தாமலே அந்த முற்றுகையை நீக்கியிருந்தால், பின்னர் கோட்டை கட்டும் உரிமை அதனால் பறிபோவதில்லை.