டிரேட் அசோசியேஷன்: முதலாளி சங்கத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

உணவகங்கள் தாங்களாகவே பில்லில் சேவைக் கட்டணம் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. அது செல்லும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. எதிர்த்து வழக்குப் போட்ட இரண்டு அமைப்புகளுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் தண்டம். மயூர் விகார் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ இதை "ஹோட்டல் தொழிற்சங்கம் தோற்றது" என்று தலைப்பிட்டுப் போட்டிருந்தார். உடனே ஒரு மாமி, "பாவம், சர்வர் பசங்களுக்குக் கெடைக்கிற பத்து ரூபாயும் போச்சா?" என்று வருத்தப்பட்டார்.

வழக்குப் போட்டவர்கள் சர்வர்கள் இல்லை, கடை முதலாளிகள். ஒன்று 1982-இல் தொடங்கிய நேஷனல் ரெஸ்டாரன்ட் அசோசியேஷன் ஆஃப் இந்தியா. இன்னொன்று 1955-இல் உருவான, ஹோட்டல் மற்றும் உணவகச் சங்கங்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு. இரண்டுக்கும் தலைமையகம் தில்லிதான். அந்தப் பணம் ஊழியர்களுக்குத்தான் போகிறது என்று முதலாளிகள் தரப்பு நீதிமன்றத்தில் வாதாடியது உண்மை. 2023-இல் ஒரு கட்டத்தில், சேவைக் கட்டணம் என்ற பெயருக்குப் பதிலாக 'ஊழியர் பங்களிப்பு' என்று போடும்படி நீதிமன்றமே சொன்னது. இத்தனை குழப்பத்துக்கு நடுவில் வழக்குப் போட்டது யார் என்பதையும் தமிழில் தப்பாகச் சொன்னால், மாமி மேல் குறை சொல்லி என்ன பயன்?

டிரேட் அசோசியேஷன் என்றால் ஒரே துறையில் ஒருவரோடொருவர் போட்டி போடும் நிறுவனங்கள், பொதுக் காரியங்களுக்காகச் சந்தா கட்டிச் சேர்ந்து நடத்தும் அமைப்பு. அது எதையும் வாங்காது, விற்காது. அரசிடம் மனுக் கொடுக்கும், வழக்கு நடத்தும், பயிற்சி வைக்கும், துறையின் கணக்கு வழக்குகளைத் திரட்டி அறிக்கை போடும். 2017 நவம்பரில் உணவகங்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமாகக் குறைந்தது, ஆனால் உள்ளீட்டு வரிச் சலுகை, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி, போய்விட்டது. அதைத் திரும்பக் கொடுங்கள் என்று அப்போதிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பது இந்த முதலாளி அமைப்புகள்தான். 2019 ஆகஸ்டில் குருகிராமில் தொடங்கி, உணவுச் செயலிகளின் தள்ளுபடித் திட்டங்களிலிருந்து உணவகங்கள் கூட்டமாக வெளியேறிய 'லாக்அவுட்' போராட்டத்தையும், 2021-இல் ஸொமேட்டோ, ஸ்விக்கி மீது, வியாபாரப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் போட்டி ஆணையத்தில் கொடுத்த புகாரையும் நடத்தியது ரெஸ்டாரன்ட் அசோசியேஷன். அடுத்த ஆண்டே ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. ஆனால் உறுப்பினர்கள் கூடி, "இனி மசால் தோசை இன்ன விலை" என்று முடிவெடுத்தால் அதே ஆணையம் இவர்கள் மேலும் பாயும். 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் சங்கத்தின் பெயரால் விலை பேசி வைப்பதையும் தடுக்கிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆங்கில 'டிரேட்' என்பதன் பழைய பொருள் தடம், நடந்து நடந்து பதிந்த வழி. அது வழக்கமாகச் செய்யும் வேலை என்று ஆகி, பிறகு வாங்கி விற்பது என்றும் ஆனது. அதனால்தான் ஒரே சொல் தச்சு வேலைக்கும் வருகிறது, மொத்த வியாபாரத்துக்கும் வருகிறது. நம் 'தொழில்' என்பதும் அப்படித்தான். "என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டால் மில் முதலாளியும் பதில் சொல்லலாம், மில்லில் தறி ஓட்டுபவரும் சொல்லலாம். ஆனால் 'தொழிற்சங்கம்' என்று சேர்த்துச் சொன்னதும் பொருள் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. 1918-இல் பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் நின்று நடத்திய சென்னைத் தொழிலாளர் சங்கத்திலிருந்து, அந்தச் சொல்லைத் தொழிலாளர்கள் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். அதை இனி யாரும் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம்.

சட்டம் படித்தவர் இங்கே மடக்கலாம். 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் வரையறையில் முதலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான உறவை ஒழுங்குபடுத்தும் அமைப்பும் அடங்கியது. உண்மைதான். ஆனால் சட்டத்தின் வரையறையை மனத்தில் வைத்துக்கொண்டு யாரும் வாட்ஸ்அப் படிப்பதில்லை.

நம்மிடம் பழைய சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் மலைக் குகையில், கிறிஸ்துவுக்கு முந்தைய தமிழி எழுத்தில், வெள்ளறை நிகமத்தார் செய்த கொடை பதிவாகியிருக்கிறது. நிகமம் என்றால் வணிகர் குழு. கூட்டமாகப் பயணம் போகும் வணிகர்கள் சாத்து. தாய்லாந்தின் தகுவாபாவில் 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு மணிக்கிராமத்தார் என்ற வணிகர் குழுவைச் சொல்கிறது. சுமத்ராவின் பாருஸில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்ற இன்னொரு வணிகர் குழுவைச் சொல்கிறது. உணவுத் துறைக்கே வேண்டுமென்றால், சோழர் கல்வெட்டுகளில் வரும் சங்கரப்பாடியார் எண்ணெய் வணிகர்கள்தான். இவற்றில் ஒன்றை எடுத்துத் தூசி தட்டி வைத்துவிடலாமே என்று எனக்கும் ஆசை உண்டு. ஆனால் அவர்கள் தாங்களே சரக்குக் கொண்டுபோய் விற்றார்கள், காவல் படையும் வைத்திருந்தார்கள். தில்லியில் அலுவலகம் போட்டு மனு எழுதும் அமைப்புக்கு நிகமம் என்று பெயர் வைத்தால் அது கொஞ்சம் வேஷம் கட்டியது போலத்தான் இருக்கும். அதுவும் இந்த ஊரில் 'நகர் நிகம்' என்றால் மாநகராட்சி!

தில்லித் தமிழருக்கு இந்தியால் இன்னும் ஒரு தொல்லை. கடைத்தெருவுக்குத் தெரு 'வியாபார் மண்டல்' என்று பலகை தொங்கும். அது வணிகர் சங்கம், மண்டல அலுவலகம் இல்லை. 'சங்கம்' என்றோ இங்கே மொட்டையாகச் சொன்னால் ஆர்.கே.புரத்துத் தமிழ்ச் சங்கத்தைத்தான் எல்லோரும் நினைப்பார்கள்.

கழகம் என்று போடலாமா? குறளில் கழகம் என்பது சூதாடும் இடம். அப்புறம் அது எப்படியெல்லாமோ வளர்ந்து கட்சியாகவும் பேருந்தாகவும் ஆகிவிட்டது. உணவு விஷயத்திலோ அந்த இடம் காலியே இல்லை. இந்திய உணவுக் கழகம் 1965-இல் தொடங்கிய அரசு நிறுவனம், அதன் முதல் மாவட்ட அலுவலகம் திறந்தது நம் தஞ்சாவூரில். அங்கே போய் முதலாளிகள் அமைப்பையும் கழகம் என்றால் நெல் கொள்முதலும் சேவைக் கட்டணமும் ஒரே வாசலுக்குப் போகும்.

என் கட்சி எளிது: சந்தா கட்டுகிறவர் யார் என்று பெயரிலேயே தெரிய வேண்டும். கடைக்காரர்கள் கட்டினால் வணிகர் சங்கம். சங்கங்களே உறுப்பினரானால் கூட்டமைப்பு. 1955-இல் உருவானது அப்படித்தான், தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என நான்கு வட்டாரச் சங்கங்கள் அதில் அடங்கும். தமிழ்நாட்டு வணிகர்கள் தங்களுடையதற்குப் 'பேரமைப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அதுவும் கம்பீரமாகத்தான் இருக்கிறது. தொழிற்சாலைகள் சேர்ந்தால் உற்பத்தியாளர் சங்கம். 1943-இல், போர்க்காலத்தில் தொடங்கிய ஒன்று இதற்கு நல்ல உதாரணம். அதன் பெயர் முதலில் 'ஃபுட் பிரிசர்வர்ஸ்' என்று இருந்தது, பிற்பாடு 'ஃபுட் புராசஸர்ஸ்' ஆனது. ஜாம், ஊறுகாய், டின் பழம் என்று கெடாமல் வைப்பது மட்டுமே தொழிலாக இருந்த காலம் போய்விட்டதே. தமிழில் அகில இந்திய உணவு பதப்படுத்துவோர் சங்கம் என்றால் பழைய பொருளும் புதிய பொருளும் இரண்டும் அடங்கும்.

ரெஸ்டாரன்ட் அசோசியேஷனை 'இந்திய தேசிய உணவகச் சங்கம்' என்று எழுதுவதைவிட 'உணவக உரிமையாளர் சங்கம்' என்று எழுதுவேன். மூலப் பெயரில் 'உரிமையாளர்' இல்லையே என்று கேட்பார்கள். இல்லைதான். ஆனால் உணவகம் தானாகப் போய் வழக்குப் போடாது, அதன் உரிமையாளர்தான் போடுவார். தமிழ்நாட்டில் எந்த ஊர்க் கடைத்தெருவிலும் 'ஹோட்டல் உரிமையாளர்கள் சங்கம்' என்றே பலகை வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.