ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலின்

இன்சுலின் ஏழைகளுக்கு எட்டாததற்கு எல்லோரும் சொல்லும் காரணம் விலை. அது உண்மைதான். 1923-ல் இன்சுலினைக் கண்டுபிடித்த பான்டிங்கும் அவருடைய சகாக்களும் அதன் காப்புரிமையை டொரான்டோ பல்கலைக்கழகத்துக்குத் தலைக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள். இன்று உலகச் சந்தையில் 90 சதவீதத்துக்கு மேல் மூன்றே கம்பெனிகளின் கையில். ஆனால் கென்யாவின் தாதாப் பகுதியில் உள்ள தாகஹலி அகதி முகாமில் மருந்து இலவசம், அப்படியும் சிக்கல் தீரவில்லை. 2 முதல் 8 டிகிரியில் வைக்கவும் என்று குப்பியில் போட்டிருக்கிறது. குடிசையில் ஏது ஃப்ரிட்ஜ்? எனவே ஊசி போட்டுக்கொள்ள தினமும் மருத்துவமனைக்கு வர வேண்டியிருந்தது. அப்புறம் எங்கே வேலைக்குப் போவது?

இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். குப்பிக்குள் அதன் மூலக்கூறுகள் பெரும்பாலும் துத்தநாக அயனிகளைச் சுற்றி ஆறாறாகச் சேர்ந்திருக்கும். அப்படி இருக்கும்வரை பத்திரம். சூடு ஏறினாலோ, பலமாகக் குலுக்கினாலோ, தனியே பிரிந்தவை மடிப்பு குலைந்து ஒன்றோடொன்று ஒட்டி நார் நாராகத் திரளும். திரண்டது உடம்பில் வேலை செய்யாது. உறைந்தாலும் மருந்து கெட்டுவிடும்.

சரி, எவ்வளவு சூட்டில், எத்தனை நாளில் கெடும்? குப்பியில் போட்டிருக்கும் குளிர், காலாவதித் தேதிவரை மாதக்கணக்கில் இருப்பு வைப்பதற்கானது. நோயாளி திறந்த குப்பியோ சில வாரங்களில் தீர்ந்துவிடும். இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பார்த்ததுதான் கோளாறு என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு முகாம் வீடுகளுக்குள் வெப்பத்தை அளந்தது: இரவில் சுமார் 25 டிகிரி, பகலில் 37. ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வகத்தில் அதே ஏற்ற இறக்கத்தை உண்டாக்கி, பல வகை இன்சுலின்களை நான்கு வாரம் வைத்துப் பார்த்தார்கள். 2021-ல் முடிவு வெளியானது. ஃப்ரிட்ஜில் இருந்ததற்கும் இதற்கும் வீரியத்தில் 1 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இல்லை.

அதற்காக வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. சோதித்தது 37 டிகிரி வரைதான். அதைவிடச் சூடான ஊர்களில் ஈரமணலில் பதித்த மண்பானை உதவும். நீர் ஆவியாகும்போது உள்ளே சில டிகிரி குறையும், காற்று வறண்டிருந்தால் இன்னும் நன்றாக. கண்ணாடிபோல் தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கினால் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஆனால் மெதுவாக வேலை செய்யும் என்பிஹெச் (NPH) வகை இன்சுலின் இயல்பிலேயே பால்போல் இருக்கும்; அதில் கட்டி தட்டியிருக்கிறதா, குப்பியின் சுவரில் துகள் ஒட்டியிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.