மனநலக் காப்பகம் நடத்தவும், அதில் ஒருவரைச் சேர்க்கவும்: ஏர்வாடிக் கரையில் தெரிந்திருக்க வேண்டிய சட்டம்

மனநோய் குணமாகும் என்று நம்பி மக்கள் வந்து தங்குகிற ஏர்வாடி தர்காவைச் சுற்றி அறை வாடகைக்கு விடுகிறவர், கீழக்கரையில் சின்னதாக ஒரு நர்சிங் ஹோம் நடத்துகிறவர், ராமநாதபுரம் பக்கம் குடிபோதை மறுவாழ்வு மையம் தொடங்க இடம் பார்க்கிறவர் ஆகிய மூவரையும் தொடுகிற சட்டம் ஒன்று இருக்கிறது: 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் 1987-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டம் இருந்த காலத்தில்தான், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் கீற்றுக் கொட்டகையில் நடந்த காப்பகம் ஒன்று தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் இறந்தார்கள். ஒரு வாரத்துக்குள் அந்த வகைக் காப்பகங்கள் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்புக்கு மாற்றப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. சட்டம் இருந்தும் அது நடந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் கேள்வி, எது காப்பகம்? போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. மனநலம் பாதிக்கப்பட்டவர்களைச் சேர்த்து, அல்லது வைத்திருந்து, பராமரிப்போ சிகிச்சையோ மறுவாழ்வோ தருகிற எந்த இடமும் இதில் அடங்கும். தற்காலிகமாக என்றாலும் சரி, நடத்துவது அறக்கட்டளையோ தனி ஆளோ எதுவானாலும் சரி. சித்தா, ஆயுர்வேத, யுனானி இடங்களுக்கும் விலக்கு கிடையாது. மதுவாலும் போதைப்பொருளாலும் வருகிற மனப் பாதிப்பையும் சட்டம் மனநோய்க் கணக்கில் சேர்த்திருப்பதால், மறுவாழ்வு மையங்களும் உள்ளே வந்துவிடுகின்றன.

விலக்கு ஒன்றே ஒன்றுதான். நோயாளி தன் உறவினரோடோ நண்பரோடோ குடும்பமாகத் தங்கியிருக்கிற இடம் காப்பகம் ஆகாது. தர்காவுக்கு வருகிறவர்களுக்கு இது முக்கியம். அம்மாவும் மகனுமாக ஓர் அறை எடுத்து, குணமாகிவிட்டது, ஊர் திரும்பலாம் என்று கனவில் உத்தரவு வரும் வரை மாதக்கணக்கில் தங்குகிறார்கள். அம்மாவே சமைத்துப் போட்டு மகனைப் பார்த்துக்கொள்கிறார். அறை கொடுத்தவர் வெறும் வீட்டுக்காரர்தான். ஆனால் அந்த அம்மா, “ஊருக்குப் போயிட்டு வர்றேன், மாசாமாசம் பணம் அனுப்புறேன், இவனைப் பார்த்துக்கங்க” என்று சொல்லி, வீட்டுக்காரரும் தலையாட்டிவிட்டால் கதை மாறுகிறது. இப்போது அவர் பணம் வாங்கிக்கொண்டு ஒரு நோயாளியை வைத்திருக்கிறார். என் பார்வையில் இந்தக் கரையில் சிக்கல் தொடங்குகிற இடமே இதுதான். பலரும் இரக்கப்பட்டுத்தான் இதில் இறங்குகிறார்கள். இரக்கம் பதிவுச் சான்றிதழுக்கு ஈடாகாது.

பதிவு எங்கே? மாநில மனநல ஆணையத்தில். சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பக வளாகத்தில் இருக்கிறது. “எங்களிடம் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு இருக்கிறதே” என்று நர்சிங் ஹோம்காரர்கள் கேட்பதுண்டு. அது வேறு. அந்தப் பதிவின் நகலை இணைத்து, குறைந்தபட்சத் தரங்களை நிறைவேற்றுகிறோம் என்று உறுதிமொழி தந்து, இங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். முதலில் கிடைப்பது தற்காலிகப் பதிவு, 12 மாதத்துக்குச் செல்லும். விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பத்து நாளுக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். நிரந்தரப் பதிவு பெற்றால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை உண்டு. சான்றிதழை வருகிறவர் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். மேசை டிராயரில் இருந்தால் போதாது. நோயாளிகளின் சேர்க்கையையும் உரிமைகளையும் மேற்பார்க்கிற மனநல மறுஆய்வு வாரியத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதி வைத்திருக்க வேண்டும். தீயணைப்பு, மருத்துவக் கழிவு, உணவுப் பாதுகாப்பு ஆகிய மற்ற அனுமதிகள் வழக்கம்போல.

பதிவில்லாமல் நடத்தினால் முதல் தடவை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். இரண்டாம் தடவை 2 லட்சம் வரை, அப்புறமும் தொடர்ந்தால் 5 லட்சம் வரை. தெரிந்தே அங்கே போய் வேலை பார்க்கிற மனநல மருத்துவருக்கும் உளவியலாளருக்கும் 25,000 வரை உண்டு. வெள்ளிக்கிழமை மட்டும் வந்து போகிற டாக்டரும் ஒப்புக்கொள்ளும் முன் சுவரில் சான்றிதழைத் தேடிப் பார்ப்பது நல்லது. அந்த 5,000 ரூபாய் யாரையும் பயமுறுத்தாது என்பது என் எண்ணம். பயப்பட வேண்டியது வேறு பிரிவுக்கு: சட்டத்தின் மற்ற விதிகளை மீறினால் முதல் தடவையே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 வரை அபராதம், அல்லது இரண்டும்.

அந்த மற்ற விதிகளில் முதலில் நிற்பது சங்கிலி. 95-ஆம் பிரிவு சொல்வது சுருக்கம்: மனநலம் பாதிக்கப்பட்ட யாரையும் எந்த வடிவிலும் சங்கிலியிட்டுக் கட்டக் கூடாது. குடும்பம் சம்மதித்தால் பரவாயில்லை, ராத்திரி மட்டும் என்றால் பரவாயில்லை என்ற விலக்கெல்லாம் அதில் இல்லை. உத்தரப்பிரதேசத்தில் பதாயூன் அருகே ஒரு வழிபாட்டுத் தலத்துக் காப்பகத்தில் நோயாளிகளைச் சங்கிலியில் வைத்திருந்த விவகாரம் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, இது மனிதத்தன்மையற்ற செயல் என்று நீதிமன்றம் கண்டித்தது. மயக்க மருந்து இல்லாமல் மின்னதிர்ச்சி கொடுப்பதும் இதே பிரிவில் தடை.

“சரி, ஆள் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன செய்வது?” என்ற கேள்வி நியாயமானது. அதற்குத்தான் 97-ஆம் பிரிவு. அவருக்கோ மற்றவருக்கோ அந்த நிமிடமே ஆபத்து, தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் உடலைக் கட்டுப்படுத்தலாம். அந்த நேரம் முழுக்க மருத்துவப் பணியாளர்கள் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். தனி அறையில் போட்டுப் பூட்டுவது எந்த நிலையிலும் கூடாது. தண்டனையாகச் செய்யக் கூடாது. ஆள் பற்றாக்குறை என்பதற்காகவும் கூடாது. இதைச் சட்டமே வெளிப்படையாகச் சொல்கிறது.

ஆய்வுக்கு வருகிறவர் கேட்பது பதிவேட்டைத்தான். அதில் ஒரு வரி இப்படி இருக்க வேண்டும்: எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது விடுவித்தார்கள், எந்த முறையில் கட்டுப்படுத்தினார்கள், அதற்கு முன் என்ன நடந்தது, எந்த மருத்துவர் அனுமதித்தார், நோயாளியின் பிரதிநிதிக்கு எப்போது தகவல் போனது. அந்தத் தகவல் 24 மணி நேரத்துக்குள் போயிருக்க வேண்டும். மாதாமாதம் இந்தக் கணக்கு மறுஆய்வு வாரியத்துக்கும் போக வேண்டும். “முரண்டு பிடித்தார், கட்டினோம்” என்று ஒற்றை வரியில் முடித்திருந்தால் அது பதிவே ஆகாது. எல்லாப் பக்கத்திலும் ஒரே கையெழுத்து, ஒரே மை என்றால், உட்கார்ந்து ஒரே நாளில் எழுதியது என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.

பிரதிநிதி என்று மேலே சொன்னேன். பதினெட்டு வயது நிரம்பிய எவரும், தனக்கு முடியாமல் போகும்போது தன் சார்பில் பேச ஒருவரை எழுதி நியமிக்கலாம். நியமிக்காவிட்டால் உறவினர், அடுத்துப் பராமரிப்பவர் என்று வரிசை போகிறது. எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும் வழி உண்டு.

பதினெட்டு வயது நிரம்பியவர் என்றால் சேர்க்கையில் இரண்டு வழி. தானே வந்து கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவர், போக வேண்டும் என்றால் விட வேண்டும். முடிவெடுக்க முடியாத நிலை என்று மருத்துவருக்குத் தோன்றினால் பரிசோதனைக்காக 24 மணி நேரம் மட்டும் நிறுத்தலாம். பிரதிநிதி விண்ணப்பித்துச் சேர்ப்பது இரண்டாவது. அதற்கு ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியாகப் பார்த்து எழுத வேண்டும். இப்படிச் சேர்ப்பது 30 நாள் வரைதான். ஏழு நாளுக்குள் வாரியத்துக்குத் தகவல். பெண் என்றால் மூன்றே நாளுக்குள். அதற்கு மேல் வைத்திருக்க இரண்டு மனநல மருத்துவர்களும் வாரியமும் ஒப்புக்கொள்ள வேண்டும். “விட்டுட்டுப் போறோம், நீங்களே பார்த்துக்கங்க” என்பதற்கு இதில் எங்கும் இடமில்லை.

உள்ளே இருப்பவருக்கு என்னென்ன உரிமை? சுத்தமான இடம், தனிமறைவு, சொந்த உடை. கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது. வேலை வாங்கினால் கூலி. மாதவிடாய்க் காலத்துக்குத் தேவையானவை பெண்களுக்குக் கிடைக்க வேண்டும். பெண் நோயாளியிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது. பார்க்கப் போகிற சொந்தக்காரர்கள் கழிவறையையும் தலைமுடியையும் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும்.

மண்டபம், தங்கச்சிமடம் மாதிரி ஊர்களில் இருக்கும் பொது மருத்துவர்களுக்கு ஒரு செய்தி. உயிருக்கு ஆபத்து, தனக்கோ பிறருக்கோ கடும் காயம் நேரும் என்கிற அவசரத்தில், பதிவு பெற்ற எந்த மருத்துவரும் முதல் சிகிச்சை தரலாம். பிரதிநிதி இருந்தால் அவர் சம்மதத்தோடு, 72 மணி நேரம் வரை. அதற்குள் மனநல சிகிச்சை கிடைக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். மனநல டாக்டர் இல்லை என்று கையை விரிக்கத் தேவையில்லை.

குடும்ப வீட்டில் வைத்துக் கொடுமைப்படுத்தினால்? வீடு காப்பகம் ஆகாது என்றாலும் தப்ப முடியாது. மனநலம் பாதிக்கப்பட்டவர் வீட்டில் வதைக்கப்படுகிறார் என்றோ கவனிப்பாரற்றுக் கிடக்கிறார் என்றோ தெரிந்தால், காவல் நிலையப் பொறுப்பாளர் நீதித்துறை நடுவரிடம் அறிக்கை தர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரே போய்ப் புகார் சொல்லலாம். இலவச சட்ட உதவிக்கு 15100. மனநல ஆலோசனைக்கு 14416, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, யாரும் தேடி வராமல் தர்கா வாசலிலோ ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையிலோ சுற்றித் திரிகிறவர்கள். இவர்களைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையத்தின் வேலை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காகக் கொண்டுபோக வேண்டும். வீடில்லாதவர் என்றால், காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் அந்த நிலையத்தின் பொறுப்பு. நீங்கள் போய்ச் சொல்லும்போது, அந்த அறிக்கை பதிவாயிற்றா என்று கேட்டு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.