வாட்டைப் பார்த்து ரூட்டர் வாங்காதீர்கள்

போன வாரமும் ஒரு ரூட்டர் பழுதுக்கு வந்தது. மரத்தில் விளிம்பு உருட்டவும் குழி எடுக்கவும் வைத்திருக்கும் மெஷின்தான் ரூட்டர். தேக்கு நிலைக்கு மோல்டிங் அடித்துக்கொண்டிருந்தபோது, சுற்றி வெட்டும் அலகான பிட் கழன்று தெறித்திருக்கிறது. மெஷினைக் கொண்டுவந்த தம்பியின் இடது கையில் தையல். "மெஷின்ல ஏதோ கோளாறுண்ணே, பிரிச்சுப் பாருங்க" என்றார். பிரித்தேன். ஆர்மேச்சர் நன்றாக இருந்தது, பேரிங் நன்றாக இருந்தது, கார்பன் பிரஷ் பாதிகூடத் தேயவில்லை. மெஷினில் இருந்த காலெட், அதாவது பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம், 6.35 மில்லிமீட்டர். அவர் மாட்டியிருந்த பிட்டின் தண்டு 6 மில்லிமீட்டர். அவ்வளவுதான் கோளாறு.

பவர் டூல் பழுது பார்க்கிறவன் நான். என் மேசைக்கு வரும் ரூட்டர்களில் இதே கதையை வேறு வேறு ஊர்ப் பெயரோடு கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஃபிக்ஸட் பேஸ் ரூட்டர் வாங்கப் போகிறவர்களும் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களும் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊர்க் கடையில் ரூட்டர் என்று கேட்டால் பெரும்பாலும் ஸ்பிரிங் வைத்து மேலும் கீழும் அமுங்கும் பிளஞ்ச் மெஷினைத்தான் எடுத்து வைப்பார்கள். மோட்டாரை ஒரு வட்டமான பேஸுக்குள் இறுக்கி, ஆழத்தை ஒரு தடவை வைத்துவிட்டு ஓட்டுவதுதான் ஃபிக்ஸட் பேஸ். இதன் சின்ன வடிவம்தான் மைக்கா வெட்ட எல்லோரும் வைத்திருக்கும் ட்ரிம்மர். விளிம்பு உருட்டுவது, மோல்டிங், டவ்டெயில் (புறாவால் மூட்டு), மைக்கா ட்ரிம், மேசைக்கு அடியில் கவிழ்த்து மாட்டுவது ஆகியவற்றுக்கெல்லாம் ஃபிக்ஸட் பேஸ்தான் கைக்கு அடங்கும். கைப்பிடி மரத்தை ஒட்டியே இருப்பதால் விளிம்பில் சாயாது. பலகையின் நடுவில் துளைத்து இறங்க வேண்டிய வேலை, அதாவது நிலையில் பூட்டுக் குழி எடுப்பது போன்றவை நிறைய இருந்தால் மட்டும் பிளஞ்ச் வாங்குங்கள். சில கம்பெனிகள் ஒரே மோட்டாருக்கு இரண்டு பேஸும் தருகின்றன. காசு இருந்தால் அது நல்ல ஏற்பாடு.

இனி வாட் விஷயம். "அண்ணே, இது 2200 வாட், அது 1600 வாட்தான். விலையும் இது பாதி. எதை வாங்கட்டும்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே என் தொண்டை வறண்டுவிட்டது.

லேபிளில் உள்ள வாட், மெஷின் லைனிலிருந்து இழுக்கும் மின்சாரத்தின் கணக்கு. பிட்டின் முனைக்குப் போய்ச் சேரும் சக்தி அது இல்லை. ஒரு பகுதி சூடாகவும் சத்தமாகவும் காற்றாடி சுற்றவும் போய்விடும். மோட்டாரில் எவ்வளவு செம்பு சுற்றியிருக்கிறார்கள், பேரிங் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து, ஒரே வாட் போட்ட இரண்டு மெஷின் இரண்டு விதமாக வேலை செய்யும். இது லேபிள் உண்மை சொல்லும்போது. லேபிளே பொய் என்றால்? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் வீட்டு லைன் 230 வோல்ட். மெஷினில் இருப்பது 6 ஆம்பியர் பிளக். பெருக்கினால் 1380 வாட். அந்தப் பிளக்கையும் மெலிந்த ஒரு ஒயரையும் மாட்டி, உடம்பில் 2200 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அந்த எண்ணை நீங்கள் எதற்கு நம்ப வேண்டும்?

இந்த வித்தை நம் ஊரில் மட்டும் நடக்கிறது என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ரூட்டரை வாட்டில் சொல்வதில்லை, ஹார்ஸ்பவரில் சொல்வார்கள். பெரிய ரூட்டர்களின் மேல் 3¼ ஹார்ஸ்பவர் என்று போட்டிருக்கும். ஒரு ஹார்ஸ்பவர் 746 வாட். அப்படியானால் அது 2424 வாட். அங்கே வீட்டுச் சாக்கெட் 120 வோல்ட், 15 ஆம்பியர். முழுசாக இழுத்தாலும் 1800 வாட்தான் வரும். மீதி எங்கிருந்து வந்தது? மோட்டார் திணறி நிற்கப் போகும் அந்தக் கணத்தில் வரும் உச்சத்தைப் போட்டு விற்கிறார்கள். மணிக்கணக்கில் ஓடும்போது கிடைக்கும் சக்தி அது இல்லை.

மைக்கா ட்ரிம்முக்கும் சின்ன விளிம்புக்கும் 500 முதல் 700 வாட் ட்ரிம்மர் தாராளம். தேக்கில் மோல்டிங், டவ்டெயில் என்று தினமும் ஓட்டுகிறவருக்கு 1000-க்கு மேல், 12 மி.மீ. அல்லது 12.7 மி.மீ. காலெட் உள்ளதாகப் பாருங்கள். பேனல் கதவுக்குப் பெரிய பிட் போட்டு மேசையில் ஓட்டுவதென்றால்தான் அதற்கும் மேலே போக வேண்டும். வாட் பேச்சு இத்துடன் முடிந்தது.

கடையில் நீங்கள் உண்மையில் பார்க்க வேண்டியது காலெட். ஸ்பேனரைக் கேட்டு வாங்கி, நட்டைக் கழற்றி, காலெட்டை வெளியே எடுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். நல்ல காலெட் நீளமாக, கூம்பாக, உள்ளே கண்ணாடி போல வழுவழுப்பாக இருக்கும். சுற்றிலும் பல கீறல்கள் சீராக வெட்டியிருப்பதால், இறுக்கும்போது பிட்டின் தண்டைச் சுற்றிலும் சமமாகப் பிடிக்கும். இரண்டே கீறலும் குட்டைக் கழுத்துமாக, உள்ளே கடைசல் கோடு தெரிகிறது என்றால் பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கழற்றும்போது நட்டு ஒரு தடவை தளர்ந்து, மறுபடியும் இறுகி, பிறகு விட்டால் அது பழுது இல்லை. நட்டே காலெட்டை வெளியே இழுத்துக் கொடுக்கும் நல்ல அமைப்பு அது. "ஜாம் ஆயிடுச்சு" என்று சுத்தியலால் தட்டி என்னிடம் கொண்டுவருகிறவர்கள் தயவுசெய்து தட்டுவதை நிறுத்துங்கள்.

அளவுக்கு வருகிறேன். 6 மி.மீ. வேறு. கால் இன்ச் வேறு. கால் இன்ச் என்பது 6.35. அரை இன்ச் 12.7. அதுவும் 12-ம் ஒன்றில்லை. "0.35 மில்லிதானேண்ணே" என்கிறார்கள். நாலு தாளை அடுக்கினால் வரும் தடிமன் அது. 6.35 காலெட்டில் 6 மி.மீ. பிட்டைப் போட்டு எவ்வளவு இறுக்கினாலும் வாய்ப் பக்கம் மட்டும்தான் கவ்வும், உள்ளே பிடிப்பே இருக்காது. பத்து நிமிடம் ஓடிச் சூடேறி, அதிர்ந்து அதிர்ந்து பிட் மெல்லக் கீழே இறங்கும். ஆழம் கூடுகிறதே என்று நீங்கள் பேஸைத்தான் சந்தேகப்படுவீர்கள். அப்புறம் ஒரு கணு வரும், பிட் பறக்கும். ஆன்லைனில் மரப்பெட்டியில் வரும் பிட் செட்டுகள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் தண்டு 6, 6.35, 8 என்று மாறி மாறி வரும். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் வெர்னியர் வைத்து அளந்துவிட்டு மாட்டுங்கள். ட்ரிம்மரோடு இரண்டு காலெட் கொடுத்திருந்தால் இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். ஒன்றுக்குப் பெயின்ட் அடித்து வையுங்கள்.

பிட்டை மாட்டுவதிலும் மூன்று விஷயம். அடிவரை தள்ளி முட்டவைத்து இறுக்கக் கூடாது. முட்டியபின் இரண்டு மூன்று மில்லி வெளியே இழுத்து இறுக்குங்கள். ஆழம் போதவில்லை என்று தண்டை நுனியில் மட்டும் கவ்வவைக்காதீர்கள், தண்டில் முக்கால் பங்காவது உள்ளே இருக்க வேண்டும். பிட் இல்லாமல் வெறும் நட்டை இறுக்கி வைக்காதீர்கள், காலெட் நசுங்கிப்போகும். இந்த மூன்றாவதைச் செய்யாத பட்டறையை நான் இன்னும் பார்க்கவில்லை.

அடுத்தது பேஸ். மோட்டாரைப் பேஸில் வைத்து லீவரைப் பூட்டி, பேஸின் விளிம்பு படும் இடத்தில் மோட்டார் மேல் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். இரண்டு கையாலும் மேலேயிருந்து அழுத்தித் திருகிப் பாருங்கள். கோடு மயிரிழை நகர்ந்தாலும் அந்தப் பூட்டு வேலையில் நிற்காது. பேஸின் அடித்தட்டில் இரும்பு ஸ்கேலை நெட்டாக வைத்து வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். பிறகு ஒரு பிட்டை மாட்டி, பிளக் சொருகாமல் கையால் தண்டைச் சுற்றுங்கள். கரகரப்பு இருந்தால் பேரிங் சரியில்லை. தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் தெரியவே கூடாது. இந்தச் சோதனைகளுக்கு ஐந்து நிமிடம் போதும். கலர் பார்த்து, பெட்டியில் இலவசமாக வரும் பிட்டை எண்ணி வாங்குவதற்கு இதைவிட அதிக நேரம் ஆகிறது.

ஸ்பீடு மாற்றும் வசதி இல்லாத மெஷினில் பெரிய பிட் போடாதீர்கள். 50 மி.மீ. பிட் நிமிடத்துக்கு 24,000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு 226 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 25 மி.மீ. வரை முழு வேகம் சரி. அதற்கு மேல் 50 வரை 16,000 முதல் 18,000 சுற்றுக்குள். அதற்கும் பெரியது என்றால் இன்னும் குறைத்து, மேசையில் வைத்து மட்டும். கையில் பிடிக்கும் ட்ரிம்மர்களில் பல 30,000 சுற்றில் ஒரே வேகமாக ஓடுபவை. அதில் பேனல் பிட் மாட்டிய ஒரு மெஷின் என்னிடம் வந்தது. தண்டே வளைந்திருந்தது. ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அது அவர் அதிர்ஷ்டம்.

எந்த விளம்பரத்திலும் வராத ஒன்று, கரண்ட் கட். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. "சரி, டீ குடிச்சிட்டு வரலாம்" என்று சுவிட்சை ஆஃப் செய்யாமல் மேசையில் வைத்துவிட்டுப் போகிறீர்கள். கரண்ட் வந்ததும் ரூட்டர் தானாக எழுந்து மேசையில் நடக்கும். பக்கத்தில் பையன் யாராவது நின்றால்? தள்ளி வைக்கும் ஸ்லைடு சுவிட்ச் உள்ள ட்ரிம்மரில் இது நிச்சயம் நடக்கும். கரண்ட் போய் வந்தால் மறுபடி அமுக்கினால்தான் ஓடும் என்ற பாதுகாப்பு சில மெஷின்களில் உண்டு. கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போன அந்த நொடியே பிளக்கைப் பிடுங்குங்கள். கைப்பிடியை விடாமலே கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் சுவிட்ச் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து மாமாவோ மச்சானோ ஆசையாக ஒரு ரூட்டர் வாங்கி வந்திருந்தால், நேராகச் சொருகிவிடாதீர்கள். 120 வோல்ட் மெஷின் நம் லைனில் புகைந்துவிடும். அந்தப் புகை நாற்றத்தோடு எனக்கு வரும் மெஷின்கள் எல்லாம் அருமையான மெஷின்கள், அதுதான் வயிறு எரிகிறது. மாற்றி ஓட்ட டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 12 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 120-ஆல் பெருக்கி 1440 வரும். அதற்கு 2000 வாட் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. டிவிக்கு வைத்திருந்த 500 வாட் டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது.

ஓட்டும்போது கையுறை வேண்டாம். கேட்டால் "பாதுகாப்புக்கு" என்பார்கள். சுற்றும் பிட் துணியைக் கண்டால் கையோடு இழுத்துக்கொள்ளும். லுங்கி, தோளில் துண்டு, மணிக்கட்டுக் கயிறு எதுவும் வேண்டாம். கண்ணாடியும் மாஸ்க்கும் வேண்டும். கடின மரத் தூசி புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. கையில் பிடித்து ஓட்டும்போது வெளி விளிம்பில் இடமிருந்து வலமாகத் தள்ளுங்கள். ஒரே இழுப்பில் முழு ஆழமும் எடுக்காதீர்கள், தேக்கில் மூன்று நான்கு மில்லியாக இறங்குங்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் செய்வதில்லை, அதனால் சொல்கிறேன்.

கடைசியாகக் கடையில் பில் போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுக்குக் காலெட் தனியா கிடைக்குமா? ஆர்மேச்சர்? பிரஷ்?" காலெட் தேயும் பொருள். பிட்டின் தண்டில் பழுப்பாகக் கோடு விழ ஆரம்பித்தால் அது வழுக்கிக்கொண்டிருக்கிறது, மாற்ற வேண்டும். தனியாகக் கிடைக்காது என்று சொன்னால் அந்த மெஷினின் ஆயுள் ஒரு காலெட்டின் ஆயுள்தான். அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே ரூட்டர் வைத்திருப்பவர்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இன்றைக்கே காலெட்டைக் கழற்றி, உங்களிடம் இருக்கும் பிட்டுகளை ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். பொருந்தாததைத் தனியாக எடுத்து வைத்து, அதற்கான காலெட் வாங்கியபிறகு மாட்டுங்கள்.