அழுகுதொட்டியும் வெடியுப்பும்

‘புண் செப்டிக் ஆகிவிட்டது’ என்பதிலும் ‘செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது’ என்பதிலும் வருவது ஒரே சொல்தான். அழுகுதலைக் குறிக்கும் சேப்பெயின் என்னும் கிரேக்க வினையிலிருந்து பிறந்த சேப்டிகோஸ் என்பதற்கு ‘அழுகச் செய்வது’ என்று பொருள். பிரான்சில் மூராஸ் என்பவர் அமைத்த இவ்வகைத் தொட்டி 1881இல் காப்புரிமை பெற்றிருந்தாலும், இன்று வழங்கும் பெயரை இட்டவர், இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் 1895இல் கழிவுநீருக்குத் தொட்டி கட்டிய டொனால்டு கேமரன்.

தமிழில் இதனை ‘நச்சுத் தொட்டி’ என்று எழுதுவது பிழை. மூலச்சொல்லில் நஞ்சு இல்லை. ‘கழிவுநீர்த் தொட்டி’ பிழையன்று, ஆயினும் உள்ளே நடப்பதைச் சொல்லாது. ‘கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டி’ என்பதுதான் மிகவும் தீங்கானது, ஏனெனில் தொட்டி செய்யாத வேலையை அது செய்வதாக நம்பவைக்கிறது. ‘அழுகுதொட்டி’ என்பதே பொருத்தமானது என்பேன்: கழிவு அழுகும் இடம், அவ்வளவே.

அழுகுதலுக்கும் சுத்திகரிப்புக்கும் உள்ள இந்த வேறுபாடு நிலத்தடி நீரை ஆராயும்போது முதன்மையாகிறது. சிறுநீரிலுள்ள யூரியா அழுகுதொட்டியில் அம்மோனியாவாக மாறுகிறது. அங்கே உயிர்வளி (ஆக்சிஜன்) இல்லாததால், நைட்ரஜனும் உயிர்வளியும் சேர்ந்த நைட்ரேட் ஏறத்தாழ உருவாவதில்லை. தொட்டியிலிருந்து வழியும் நீர் உறிஞ்சு குழியைக் கடந்து காற்றோட்டமுள்ள மண்ணை அடைந்த பிறகே பாக்டீரியாக்கள் அந்த அம்மோனியாவை நைட்ரேட்டாக்குகின்றன. ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் 1877இல் சாக்கடை நீரை மணலும் சுண்ணக்கல்லும் நிரப்பிய குழாய் வழியே மெல்ல வடித்து, சில வாரங்களில் நைட்ரேட் தோன்றுவதையும், குளோரோஃபார்மின் ஆவி பட்டதும் அது நின்றுபோவதையும் கண்டு, இது உயிர்களின் வேலை என்று காட்டினார்கள். எதிர்மின்னேற்றம் கொண்ட நைட்ரேட்டைக் களிமண்ணும் பிடித்து நிறுத்துவதில்லை. மழைநீரோடு அது கீழிறங்கிவிடுகிறது. ஆகவே பழுதின்றி இயங்கும் அழுகுதொட்டியும் கிணற்றுக்கு நைட்ரேட்டை அனுப்பும்.

நைட்ரேட் என்ற சொல்லின் வேரான நைட்ரான், எகிப்திலிருந்து கிரேக்கத்துக்கு வந்தபோது சோடா உப்பையே குறித்தது. வெடிமருந்தில் சேரும் வெடியுப்பைக் குறிக்கத் தொடங்கியது பிற்காலத்தில். வெடியுப்பு என்னும் தமிழ்ச்சொல் பொட்டாசியம் நைட்ரேட்டுக்கு மட்டும் உரியது என்பதால், இவ்வகை உப்புகள் அனைத்துக்கும் பொதுப்பெயராக நைட்ரேட் என்பதையோ, இலங்கைப் பாடநூல்களின் நைத்திரேற்று என்பதையோ வைத்துக்கொள்வதே சரி. எனினும் வெடியுப்பை மறக்கலாகாது. பீகார் ஊர்களில் மனிதரும் மாடுகளும் வாழ்ந்த மண்ணைச் சுரண்டிக் காய்ச்சித்தான் அதை எடுத்தார்கள். அன்று மண்மேல் பூத்த அதே உப்புதான் இன்று கிணற்றில் கரைகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இது கண்கூடு. ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத அந்நிலத்தில் சுண்ணக்கல் நீரே உயிர்நாடி. வெடிப்புகள் நிறைந்த அக்கல்மேல் மண் பல இடங்களில் மெல்லியது. வீட்டு வளவுக்குள்ளேயே கிணறும் மலக்குழியும் அமைந்திருக்கின்றன. அங்குள்ள பல கிணறுகளில் நைத்திரேற்று குடிநீருக்கான வரம்பை மீறியதை 1980களிலேயே ஆய்வுகள் பதிவுசெய்தன.

வரம்பு எது என்பதிலும் சொல் குழப்புகிறது. உலகச் சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்கிறது, இந்தியத் தரநிலை 45 என்கிறது, அமெரிக்கா 10 என்கிறது. அமெரிக்க எண் கடுமையானதன்று. அது நைட்ரேட்டிலுள்ள நைட்ரஜனை மட்டும் எடையிடுவதால், 4.43ஆல் பெருக்கினால் 44 ஆகிவிடும். ஆய்வறிக்கையை வாசிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த அலகைத்தான். ஒருவரின் கழிவில் ஆண்டுக்குச் சுமார் 4 கிலோ நைட்ரஜன் சேர்கிறது. அத்தனையும் நைட்ரேட்டாகி நீரை அடைவதாகக் கொண்டால், அதை 45 மில்லிகிராம் அளவுக்கு நீர்க்கச் செய்ய ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர் மழைநீர் தேவை. வளவு சிறுக்கச் சிறுக்க அந்த நீர் கிடைப்பதில்லை.

கிணற்றில் கண்ட நைட்ரேட் மலக்குழியிலிருந்து வந்ததா, உரத்திலிருந்து வந்ததா என்று பிரித்தறிய நைட்ரஜனின் சற்றே எடைமிகுந்த வகையான நைட்ரஜன்-15 ஐசோடோப்பின் விகிதம் உதவும்; செயற்கை உரத்தைவிடக் கழிவில் அது மிகுதி. ஆனால் மனிதக் கழிவையும் மாட்டுச் சாணத்தையும் அதனால் தெளிவாகப் பிரிக்க இயலாது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் சாணம் இடும் யாழ்ப்பாணம் போன்ற நிலத்தில், உடலைக் கடந்தும் பெரிதும் சிதையாத செயற்கை இனிப்பான சுக்ரலோஸ் போன்ற, மாடு உண்ணாத பொருள்களையும் அதே நீரில் தேடியாக வேண்டும்.